கழித்து வந்த எண்

146,679 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். ஒற்றை எண். இலக்கங்களின் கூட்டுத்தொகை 33 ஆதலின் மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. மூன்றால் வகுக்க 48,893 வரும். அது மீண்டும் பதின்மூன்றால் வகுபட்டு 3,761 ஐத் தரும். 61 வரையுள்ள முதன்மை எண்கள் ஒவ்வொன்றாலும் 3,761 ஐ வகுத்துப் பார்த்தால் எதனாலும் மீதியின்றி வகுபடாது. 62 இன் வர்க்கமே 3,844 ஆகிவிடுவதால் அதற்கு மேல் முயல வேண்டியதும் இல்லை. எனவே அதுவும் ஒரு முதன்மை எண். தமிழகத்து நூல்கள் பகா எண் என்று குறிப்பது இதனையே. 3, 13, 3,761 என்னும் மூன்று வெவ்வேறு முதன்மை எண்களின் பெருக்கமே நாம் எடுத்துக்கொண்ட எண்.

தன்னை நீக்கிய ஏனைய காரணிகள் ஏழு: 1, 3, 13, 39, 3,761, 11,283, 48,893. இவற்றைக் கூட்ட 63,993 வரும். இத்தொகை அவ்வெண்ணிலும் குறைந்தது. ஆதலின் பழைய கணிதர் வகுத்த முறைப்படி இது ‘குறையெண்’. எட்டால் வகுக்க மீதி ஏழு வருகிறது. அவ்வாறு வரும் எந்த எண்ணையும் மூன்று வர்க்கங்களின் கூட்டாக எழுத இயலாது என்பது லெஜாந்தர் 1798 இல் வெளியிட்ட தேற்றத்தால் விளங்கும். ஆனால் நான்கு வர்க்கங்கள் எந்த எண்ணுக்கும் போதும் என்று லக்ராஞ்சு 1770 இல் நிறுவியிருந்தார். அவ்வாறே 382, 27, 5, 1 என்பவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் நம் எண் கிடைக்கும்.

இவ்வளவும் கூறிய பின்னரும் இவ்வெண்ணிடம் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஓர் எண்ணுக்கு வெவ்வேறான முதன்மைக் காரணிகள் வழக்கமாக எத்தனை இருக்கும் என்பதை ஹார்டியும் இராமானுஜனும் 1917 இல் ஆராய்ந்தனர். அவர்கள் கண்ட விதியின்படி, இந்த அளவுள்ள எண்களுக்கு அது இரண்டையோ மூன்றையோ ஒட்டி அமையும். நம் எண்ணுக்கு மூன்று. 1729 ஐப் போல இதற்குக் கதை சொல்ல ஓர் இராமானுஜன் வேண்டியதில்லை. தரம் எட்டில் பயிலும் ஒரு மாணவி, கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு மரத்தடியில் அமர்ந்து, காகிதமும் பென்சிலும் கொண்டு அரை மணி நேரத்தில் இதன் காரணிகள் அனைத்தையும் கண்டுவிடலாம். அவள் கண்டதை மறுத்துரைக்க உலகில் எந்த அரசாலும் இயலாது.

ஆயின் இவ்வெண் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டால், ஆசிரியர் என்ன சொல்வார்?

2011 ஜனவரி 8 ஆம் நாள், மன்னாரில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை தோன்றினார். அவரும் அவருடன் வந்த குருமாரும் முன்வைத்த அறிக்கையில் ஒரு கழித்தற் கணக்கு இருந்தது. 2008 ஒக்டோபர் முற்பகுதியில், கச்சேரிப் பதிவுகளின்படி, வன்னியில் இருந்தோர் 429,059. அதன்பின் 2009 ஜூலை 10 வரை அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர், ஐக்கிய நாடுகள் அலுவலகம் ஒன்றின் கணக்கின்படி, 282,380. முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்க 146,679. இவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று ஆயர் கேட்டார். இத்தனை பேர் இறந்தனர் என்று அவர் கூறவில்லை. 2021 ஏப்ரல் 1 ஆம் நாள் அவர் காலமானார். அவர் கேட்ட கேள்விக்கு, அவர் கேட்ட வடிவில், அதுவரை விடை வரவில்லை.

எண்களுக்கு ஒழுக்கம் கற்பிப்பது பழைய வழக்கம். கி.பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வாழ்ந்த கெராசா ஊர் நிக்கோமாக்கசு, காரணிகளின் கூட்டு தன்னை விஞ்சும் எண்களை அளவுக்கு மிஞ்சிய உறுப்புகளுடன் பிறந்த விலங்குகளுக்கு ஒப்பிட்டார். குறையெண்களை உறுப்புக் குன்றியவற்றுக்கு ஒப்பிட்டார். 6, 28, 496, 8,128 போன்ற நிறைவெண்கள் நற்குணங்களைப் போல அரியவை, ஒழுங்கானவை என்றார். நம் நாட்டு எண்சோதிடர் செய்வதும் இதனையே. அவர்களிடம் நிக்கோமாக்கசின் கணித அறிவு மட்டும் இல்லை. 146,679 குறையெண்ணாக இருப்பதில் ஓர் அடையாளத்தைக் காண வேண்டும், பதின்மூன்று அதன் காரணியாக இருப்பதில் ஒரு பொருளைக் காண வேண்டும் என்ற ஆசை நமக்கும் எழக்கூடும். அந்த ஆசையை நாம் விலக்க வேண்டும். கச்சேரியில் ஒரு குடும்பம் கூடுதலாகப் பதிந்திருந்தால் காரணிகள் அனைத்தும் மாறியிருக்கும், நடந்தது மாறியிராது. எண்ணுக்குக் குணம் இல்லை. எண்ணைப் பெறுவதற்கு மனிதர் செய்யும் செய்கைக்கே குணம் உண்டு. கூட்டினோமா, கழித்தோமா, பிரித்தோமா, அல்லது எண்ணவே மறுத்தோமா என்பதுதான் அறத்தின் வினா.

எண்கோட்பாடு போருக்கு உதவாத தூய கலை என்று ஹார்டி 1940 இல் வெளிவந்த தமது நூலில் பெருமைப்பட்டார். சார்பியலையும் அவர் அதே வரிசையில் வைத்தார் என்பதை இங்கே நினைவுகூரலாம். ஐந்தாண்டுகளில் ஹிரோஷிமா எரிந்தது.

நம் எண்ணின் முதற் கூறாகிய 429,059 எவ்வாறு பிறந்தது? அது குடிசன மதிப்பீட்டிலிருந்து வந்ததன்று. 1981 இன் பின் 2012 வரை வன்னியில் முழுமையான குடிசன மதிப்பீடு நடைபெறவில்லை. கிராம அலுவலரின் பதிவேடு, பங்கீட்டு அட்டை, பிரதேச செயலகம், கச்சேரி என்னும் படிகளினூடே கூடிக்கூடி ஏறிய தொகை அது. அடியில் இருந்தது ஒரு குடும்பம். அதன் தலைவரின் பெயர். அவரின் கீழ் மனைவி, மக்கள், உடனிருக்கும் கிழவி. அரிசியும் மாவும் பருப்பும் அந்த அட்டையின்படி அளக்கப்பட்டமையால், ஒருவரைக் கூட்டியோ குறைத்தோ எழுதுவது சிறிய காரியமன்று. மேலே செல்லச் செல்லப் பெயர்கள் உதிர்ந்து தொகை மட்டும் எஞ்சியது. இது அதிகார இயந்திரத்தின் இயல்பு. அதனைக் குறைகூறிப் பயனில்லை. ஆனால் தொகையிலிருந்து மீண்டும் பெயர்களுக்கு இறங்கும் படிகள் அக்காலத்தில் இருந்தன என்பதை மறக்கலாகாது.

அந்தத் தொகைக்குள் இருந்தோர் யார்? இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். 1977 இன் வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறிய தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதனுள் இருந்தனர். இவர்களுடைய மூத்தோரை இந்நாட்டின் அரசியல் முன்னமே கணக்குப் பாடமாக்கியிருந்தது. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் 975,000 பேரைப் பிரித்தனர்: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதெனத் தள்ளிவைத்தனர். பத்தாண்டு கழிந்து, 1974 இல், அந்த மீதியைச் சரிபாதியாக, 75,000 வீதம், பங்கிட்டனர். வகுத்தல் பிழையற்றது, மீதியின்றி முடிந்தது. எந்தத் தாய் எந்தப் பாதியில் விழுந்தாள், அவளுடைய மகன் மறு பாதியில் விழுந்தானா என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. மனிதரைச் சரிபாதியாக்கிய அந்தப் பென்சிலுக்கும் 2009 இல் மனிதரைக் குறைத்தெழுதிய பென்சிலுக்கும் உறவு உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

வேறொன்றையும் இங்கே சொல்லாதிருப்பது நேர்மையாகாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் 429,059 என்ற தொகைக்குள் இல்லை. அவர்கள் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே கழிக்கப்பட்டவர்கள். அந்தக் கழித்தலுக்கு நம்மில் எத்தனை பேர் கணக்குக் கேட்டோம்?

எண் என்பது வெறும் அறிவுப் பொருளன்று, அது சோறு என்பதை 2009 இன் முதல் ஐந்து மாதங்கள் காட்டின. ஏப்ரல் பிற்பகுதியில், புதுமாத்தளனுக்குத் தெற்கே ஒடுங்கிய கடற்கரையில் இன்னும் 127,177 பேர் அகப்பட்டிருப்பதாக ஐக்கிய நாடுகள் தரப்பு மதிப்பிட்டது. அரசாங்கமோ 10,000 பேர் என்றது. பத்தாயிரம் பேருக்கு வேண்டிய உணவும் மருந்தும் ஓரளவு; ஒன்றேகால் இலட்சம் பேருக்கு வேண்டியவை வேறளவு. மயக்க மருந்து எத்தனை போத்தல், பால்மா எத்தனை பெட்டி என்பதெல்லாம் அந்தச் சிறிய எண்ணின் கீழேயே தீர்மானமாயின. பின்னர் மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலிருந்து வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தோர் தொகை அந்தப் பத்தாயிரத்தைப் பன்மடங்கு விஞ்சியது. உயிரோடு வந்தோரே அந்த எண்ணைப் பொய்யாக்கினர். மறுபுறத்தில், மக்களை வெளியேற விடாது தடுத்ததாகவும் தப்ப முயன்றோரைச் சுட்டதாகவும் விடுதலைப் புலிகள் மீது நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உண்டு என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் கூறிற்று. ஒரு தரப்பு மக்களை எண்ணத்தில் குறைத்தது. மறு தரப்பு அவர்களை எண்ணிக்கையாகவே வைத்திருந்தது.

இனி 146,679 ஐ நாம் எவ்வாறு கையாள்கிறோம் என்பதற்கு வருவோம். மேடைகளில் இதனை இறந்தோர் தொகையாக முழங்குவோர் உளர். அதனினும் எளிதாக, ‘ஒன்றரை இலட்சம்’ என்போரும் உளர். ஒன்றரை இலட்சம் என்ற மாத்திரத்தில் 3,321 பேரைப் புதிதாகக் காணாமற் போக்கிவிடுகிறோம் என்பதை அவர்கள் நினைப்பதில்லை. ஆயர் கேட்டது வினா. அதனை விடையாக மாற்றுவது அவருக்கும் நியாயம் செய்வதன்று.

எதிர்ப்புறத்தில், இவ்வெண் நம்பத்தகாதது, ஆதலின் தள்ளத்தக்கது என்போர் உளர். அவர்கள் கூறும் காரணங்கள் சிலவற்றில் கணித உண்மை உண்டு. கழித்தலில் இரு எண்களின் பிழைகளும் ஒன்று சேரக்கூடும். கிடைக்கும் எண்ணோ சிறிதாகிவிடும். எடுத்துக்காட்டாக, இரு தொகைகளிலும் நூற்றுக்கு இரண்டு வீதம் பிழை இருந்ததென்று வைத்துக்கொண்டால், முன்னதில் ஏறத்தாழ 8,581 பேர், பின்னதில் 5,648 பேர்; இரண்டும் ஒரே திசையில் சேர்ந்தால் 14,229. அது 146,679 இல் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து. ஒரு குடும்பம் இரு இடங்களில் பதியப்பட்டிருக்கலாம். சிலர் கடல்வழியே இந்தியாவுக்குப் போயிருக்கலாம். சிலர் பதிவின்றி முகாம்களிலிருந்து வெளியேறியிருக்கலாம். இவை யாவும் இருக்கலாம். ஆனால் இவற்றைச் சொல்வோர் அத்துடன் நிறுத்திக்கொள்வதே வியப்பு. இரட்டைப் பதிவு எத்தனை, இந்தியா சென்றோர் எத்தனை என்று கணக்கிட்டுக் கழித்துக் காட்டும் கடமை, பதிவேடுகளையும் சோதனைச் சாவடிகளையும் கையில் வைத்திருந்தவருக்கே உரியது. ஐயம் ஒரு வேலையின் தொடக்கம். அதனை வேலையின் முடிவாக்கிக்கொள்வது சோம்பலன்று, தந்திரம்.

வேறு எண்களும் உண்டு. 2009 மே 13 வரை 7,721 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. அலுவலர்கள் உள்ளூரில் திரட்டிய கணக்கு. 40,000 வரை இறந்திருக்கலாம் என 2011 இல் நிபுணர் குழு சுட்டிய மதிப்பீடு. 70,000 க்கு மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்னும் தகவலை 2012 நவம்பரில் வெளியான ஐ.நா. உள்ளக மீளாய்வு எடுத்துரைத்தது. வாசகர் இவற்றை ஒரே அளவுகோலில் வரிசைப்படுத்தி, எது உண்மை என்று கேட்கிறார். இவை ஒரே இனத்தைச் சேர்ந்த எண்களல்ல. முதலாவது, ஒவ்வொன்றாகக் கூட்டியது. ஆதலின் அது கீழெல்லை. இரண்டாவது மதிப்பீடு. மூன்றாவதும் ஆயருடையதும் கணக்கில் வராதோரைக் குறிப்பவை. முதன்மை எண், சேர்த்தி எண், குறையெண் என்று வகுக்கக் கற்ற நாம், கூட்டி வந்த எண், கழித்து வந்த எண், ஊகித்து வந்த எண் என்று வகுக்கவும் கற்க வேண்டும். இப்பாடம் எந்தக் கணித நூலிலும் இல்லை.

எண்ணுதல் என்றால் என்ன? தமிழில் இச்சொல் கணக்கிடுதலையும் நினைத்தலையும் ஒருங்கே குறிக்கும். கணிதத்தில் அதன் அடிப்படை, ஒன்றுக்கு ஒன்றாக இணைத்தல். மாட்டுக்கு ஒரு கல் வைத்துப் பட்டியில் அடைத்த இடையன் செய்ததும் அதுவே. கல்லுக்கு மாடு இல்லையென்றால் அவன் தேடப் போவான். 146,679 என்பது இன்னும் எண்ணப்படாத எண்; ஏனெனில் அதன் எந்த அலகுடனும் ஒரு பெயர் இணைக்கப்படவில்லை. நம் கையில் கற்கள் மட்டுமே உள்ளன.

இவ்வாறு இணைப்பது இயலாத காரியமன்று. பொஸ்னியாவில் 1992 முதல் 1995 வரை நிகழ்ந்த போரில் இறந்தோர் இரண்டு இலட்சம் என்று நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. சரயேவோவின் ஆய்வு, ஆவண மையம் மிர்சாத் தொக்காச்சா என்பவரின் தலைமையில் பெயர் பெயராகத் திரட்டி, 2007 இல் 97,207 பேரின் பட்டியலை வெளியிட்டது. எண் பாதியாகக் குறைந்தது. பாதிக்கப்பட்டோர் தரப்பிலேயே பலர் சினந்தனர். ஆனால் அந்தப் பட்டியலின் பின் இறப்புகளை மறுப்பது முன்னிலும் கடினமாயிற்று. பெரிய எண் சர்ச்சைக்கு உரியது. பெயருள்ள எண் அவ்வாறன்று. நம் எண்ணும் எண்ணப்பட்டால் குறையலாம். அதற்கு நாம் அஞ்சுவோமாயின், நமக்கு வேண்டியது மனிதரா எண்ணா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியவராவோம்.

இறுதிப் போரின் கடைசி மூன்று நாட்களில் படையினரிடம் சரணடைந்து காணாமற் போனோர் குறித்து, வெவ்வேறு பட்டியல்களை ஒப்பிட்டு, அவற்றில் மீண்டும் மீண்டும் வரும் பெயர்களின் வீதத்தைக் கொண்டு எப்பட்டியலிலும் வராதோரையும் கணிக்கும் முறை 2018 இல் கையாளப்பட்டு, சுமார் 500 என்ற விடை கிடைத்தது. இதே வழியிலேயே லாப்லாசு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் பிரான்சின் குடித்தொகையைக் கணித்தார். கணிதம் எந்தப் பக்கம் நிற்கும் என்பது அதனை ஏவுவோரைப் பொறுத்தது.

ஒரு தத்துவ வினா எஞ்சியுள்ளது. ஒரு தாய்க்கு ஒரு மகன். அவளிடம் இலட்சங்களைப் பேசுவதில் என்ன பொருள்? ஜோன் டோரெக் என்னும் அமெரிக்க மெய்யியலாளர் 1977 இல் இத்தகைய வாதத்தையே முன்வைத்தார். துன்பத்தைக் கூட்ட முடியாது, ஏனெனில் கூட்டிய துன்பத்தை அனுபவிக்க ஓர் உடல் இல்லை என்பது அவர் கருத்தின் சாரம். துன்பத்தைப் பொறுத்தவரை அவர் கூற்றை நாம் ஏற்கிறோம். ஆயின் கடன் கூடும். ஒரு மகனுக்காக ஒரு விடை கடன்பட்டிருக்கும் அரசு, இன்னொரு மகனுக்காக இன்னொரு விடை கடன்பட்டிருக்கிறது. 146,679 என்பது வலியின் அளவன்று. கொடுபட வேண்டிய விடைகளின் எண்ணிக்கைக்கு நம்மிடமுள்ள முதற் குறிப்பு. ‘இவர் இந்தியாவில் வாழ்கிறார்’ என்பதும் ஒரு விடை. ‘இப்பெயர் இருமுறை பதியப்பட்டது’ என்பதும் ஒரு விடை. விடைகள் எந்த வகையினவாயினும் ஒவ்வொன்றாகவே தரப்பட வேண்டும். கடைசி இலக்கமாகிய ஒன்பதை நாம் விடாது எழுதுவதன் காரணம் இதுவே. அது துல்லியமானது என்பதற்காக அன்று.

2016 இன் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற் போனோர் அலுவலகம் அமைக்கப்பட்டது. அது செயற்படத் தொடங்குமுன்னரே, 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சியிலும், 24 ஆம் நாள் வவுனியாவிலும், பின்னர் முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரத்தில் பந்தலிட்டு அமர்ந்தனர். அவர்கள் ஓர் எண்ணைத் தாமாகவே எண்ணத் தொடங்கினர். அமர்ந்த நாட்களின் எண் அது. ஒரு விடியலுக்கு ஒன்று. இரட்டைப் பதிவு இல்லை, மதிப்பீடு இல்லை. 2022 ஓகஸ்ட் 12 ஆம் நாள் கிளிநொச்சியில் அது 2,000 ஆயிற்று. நாட்களின் எண் ஒவ்வொன்றாக ஏற, பந்தலில் அமர்ந்திருந்தோரின் எண் இறங்கி வந்தது. பெற்றோர் பலர், கையில் பிள்ளையின் புகைப்படத்துடன் வந்துபோனவர்கள், விடை கிடையாமலே இறந்தனர்.